பனிமலைக்கு ஒரு பாண் வான்

ஊட்டிக்குக் கார் ஓட்டிப் போயிருக்கிறேன் என்று நான் வாயைத் திறந்து சொன்னதுதான் வினையாகப் போயிற்று. சொன்ன இடம், சிட்னிக்கு மேற்கே நார்த்மீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை. மறுநாள் காலைக் காபிக்குள் நான் அந்த வீட்டின் பனிமலை நிபுணனாகிவிட்டேன்.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பம்புசெட் கம்பெனி, இங்கே ஒரு வார்ப்படப் பட்டறையைப் பார்த்து வரும்படி என்னை அனுப்பியிருந்தது. நான் வந்து சேர்ந்த வாரம் பார்த்து அங்கே உலை பழுதாயிற்று. அதைச் சரிசெய்யும் சாக்கில் இங்கிலாந்து ராணியின் பிறந்த நாள் விடுமுறையையும் சேர்த்துப் பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். ராணி பிறந்தது ஏப்ரலிலாம். இங்கே வசதியைப் பார்த்து ஜூனில் கொண்டாடுகிறார்கள். நம் ஊர்க் கோயிலில் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னாலே குருக்கள் முறைப்பார்.

நான் தங்கியிருந்தது சிற்றம்பலத்தின் வீட்டில். சென்னையில் பொறியியல் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழன், யாழ்ப்பாணத்துக்காரன். இப்போது சிட்னியில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறான். அவன் மனைவி பூமணி. பூமணியின் தங்கை வசந்தி ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நடந்த அத்தனை அமர்க்களமும் இந்த வசந்திக்காகத்தான்.

வசந்திக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெயர் இரத்தினவேல். பனிமலையின் மேல் ஒரு மின்நிலையத்தில் பொறியாளர். குளிர்காலம் முழுக்க அவருக்கு மலையை விட்டு இறங்க விடுப்புக் கிடையாது. மாப்பிள்ளை பெண் பார்க்க வர முடியாது என்றால், பெண் போய் மாப்பிள்ளையைப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தெரிஞ்சால்தானே, ஐசே!" என்றான் சிற்றம்பலம். "மாப்பிள்ளை வந்து பாத்தவர் எண்டு இவள் பூமணி கடிதம் எழுதிப் போட்டாள்."

அவர்கள் பேச்சில் 'ஐசே' என்பது நம் 'என்னய்யா'வுக்குச் சமம். விடுதியில் கற்றுக்கொண்டு வந்தது போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அவன் விடுதிக்கே அதோடுதான் வந்தான்.

வசந்தி என்ன நினைக்கிறாள் என்பது பாத்திரம் துடைக்கும்போது தெரிய வந்தது. அவள் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் விருந்தாளிக்கும் இந்த வேலை உண்டு.

"கொழும்பிலை ஒருத்தர் என்னைப் பாக்க வந்தவர், அண்ணை. பாட்டுப் பாடச் சொன்னவை. பாடினன். நாலு நாளாலை தரகர் வந்து சொல்லுறார், 'குரல் காணும், உயரம் காணாது' எண்டு."

காணும் என்றால் போதும்; காணாது என்றால் போதாது. வசந்தி அப்படியொன்றும் குள்ளம் இல்லை. எனக்கு அந்தக் கொழும்புக்காரன்மேல் கோபம் வந்து ஒரு தட்டை வேண்டிய மட்டுக்கும் மேலாகத் துடைத்தேன்.

"இதுதான் கடைசி," என்றாள். "இந்தமுறை நான்தான் பாக்கப் போறன். எனக்குப் பிடிக்கேல்லை எண்டால், இந்த வீட்டிலை பேந்து ஒருத்தரும் கலியாணக் கதை எடுக்கக் கூடாது. அக்காவும் ஓமெண்டு சொல்லிப் போட்டா."

பக்கத்தில் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பூமணி நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அது வெங்காயத்தால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை.

ஆகவே எல்லாம் அந்தப் பயணத்தில் தொங்கியது. பயணமோ சிற்றம்பலத்தின் வானில் தொங்கியது. அது முன்பு வீடு வீடாகப் பாண் விற்ற வான். பாண் என்றால் ரொட்டி, வான் என்றால் நம் வேன். மேலே நீல வர்ணம் அடித்திருந்தான். அதற்கு அடியில் ரொட்டிக் கடைக்காரர் பெயர் வெயில் பட்டால் தெரியும். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. உள்ளே சூடாக்கியைப் போட்டால் பழைய ரொட்டி வாசனை கிளம்பி எல்லோருக்கும் பசிக்கும்.

இந்த வானைப் பனிக்குத் தயார்ப்படுத்தும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நல்ல வேளையாக அடுத்த வீட்டு மிஸஸ் டாய்ல் குறுக்கிட்டார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் பனிச்சறுக்குக்குப் போய், ஒரு வருடம் காலை முறித்துக்கொண்டு, அடுத்த வருடமும் போனவர்.

"நீங்கள் பனியில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஊட்டிக்கு ஓட்டியிருக்கிறேன்."

"அங்கே பனி விழுமா?"

"விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிட்டேன். அதன்பின் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம்.

முதலில் ரேடியேட்டர். நம் ஊரில் மலையேறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். ஓரங்கட்டி நிறுத்தி, ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஆவி அடங்கும்வரை வேர்க்கடலை தின்போம். இங்கே கவலை நேர் எதிர். ரேடியேட்டருக்குள் தண்ணீர் உறைந்து, இன்ஜினே வெடித்துவிடுமாம். அதற்காக ஆன்டிஃப்ரீஸ் என்று பச்சை நிறத்தில் ஒன்றை ஊற்றினோம். பார்க்க நன்னாரி சர்பத்தைவிட நன்றாக இருந்தது. மிஸஸ் டாய்ல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது விஷம்," என்றார்.

அடுத்து சங்கிலி. பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்கப் பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலி சுற்ற வேண்டும். அவருடைய பழைய சங்கிலியைத் தந்து, மாட்டிப் பழகச் சொன்னார். நார்த்மீட்டில் அன்றைக்கு நல்ல வெயில். நானும் சிற்றம்பலமும் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் படுத்து, வேர்த்து விறுவிறுத்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தோம். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்றைக்கு ரேடியோவில் ஏதாவது சொன்னார்களா?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

பின்சக்கரங்களின் மேல் பாரம் வேண்டும், மணல்மூட்டை நல்லது என்றார் மிஸஸ் டாய்ல். மணலுக்குக் காசு கொடுப்பதா என்று பூமணி கேட்டாள். ஒரு மூட்டை அரிசியை ஏற்றினாள். அது போதாதென்று கப்பலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆட்டுக்கல்லையும் ஏற்றச் சொன்னாள். நானும் சிற்றம்பலமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏற்றினோம். பின்கதவை ஒட்டி ஆட்டுக்கல், அதன்மேல் சாய்ந்தாற்போல் அரிசி மூட்டை. மிஸஸ் டாய்ல் சுற்றி வந்து பார்த்தார். அந்தக் கல் எதற்கு என்று கேட்டார். தோசைக்கு என்று சொன்னோம். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.

மிஸஸ் டாய்லின் பாடம் இன்னும் இருந்தது: இரவில் நிறுத்தினால் கைப்பிரேக் போடாதே, உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்கு அண்டைக் கல் வை. வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி விடு, ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதே, விரிந்துவிடும். மண்வெட்டி, போர்வை, கோணிச்சாக்கு எடுத்துக்கொள். எல்லாவற்றையும் சிற்றம்பலம் திருப்பி ஒப்பித்தான். தேர்வில் அவன் எப்போதுமே முதல் வகுப்பு.

பூமணியின் ஏற்பாடு தனி. எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம், பலகாரம். தவிர ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீர் ஒரு பெரிய போத்தல். வசந்திக்கு வளைவு கண்டால் வயிற்றைப் புரட்டும். கைக்குட்டையை ஓடிக்கொலோனில் நனைத்து மூக்கில் வைத்தால் நிற்கும். இது ஊட்டி பஸ்ஸிலும் உள்ள வைத்தியம்தான். நிபுணன் என்ற முறையில் நான் அதை அங்கீகரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டோம். மிஸஸ் டாய்ல் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, அது வழுக்காமல் இருக்கவா என்று கேட்டார். ஒரு விதத்தில் ஆமாம் என்றேன்.

வழியெங்கும் பலகைகளில் கிலோமீட்டர். இந்த நாடு சமீபத்தில்தான் மைலைக் கைவிட்டது. சிற்றம்பலத்தின் வானுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. அதன் முள் மைலில்தான் காட்டியது. பலகையில் இருந்த எண்ணை முள்ளிலும் கொண்டுவரப் பார்த்தான் சிற்றம்பலம். பாண் வான் உடம்பெல்லாம் நடுங்கியது. ஆட்டுக்கல் பின்னால் ஒருமுறை புரண்டது. கணக்குப் போட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் எங்களை யாராலும் முந்த முடியவில்லை.

மத்தியானம் ஒரு சின்ன ஊரில் சாப்பிட நிறுத்தினோம். வெள்ளிக்கிழமை, பூமணிக்கும் வசந்திக்கும் மரக்கறி மட்டும். கடையில் இருந்தது இறைச்சி அடைத்த 'பை' என்னும் மாவுப் பண்டம் ஒன்றுதான். இறைச்சி இல்லாமல் கிடைக்குமா என்று சிற்றம்பலம் கேட்டான். கடைக்காரர் யோசித்தார்.

"கிடைக்கும். ஆனால் அதற்குள் ஒன்றும் இருக்காது."

கடைசியில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி, பூமணி கொண்டுவந்த இடியப்பத்தையும் சம்பலையும் கடைக்கு வெளியே பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டோம். கடைக்காரர் சம்பலைக் கொஞ்சம் ருசி பார்த்தார். முகம் சிவந்து, உள்ளே போய்ப் பால் குடித்துவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் கேட்டார். நம் ஊரில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்தால் முதலாளி சும்மா விடுவாரா?

சாயங்காலம் மலையடிவார ஊரில் ஒரு மோட்டலில் தங்கினோம். அதை ஒரு வயதான தம்பதி நடத்தினார்கள். சிற்றம்பலம் பாடத்தை மறக்கவில்லை. கைப்பிரேக் போடவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தான். வைப்பரைத் தூக்கிவிட்டான். இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தவனைப் போல் வான் நின்றது.

சனிக்கிழமை காலையில்தான் வினை தொடங்கியது. ராகுகாலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று பூமணி முதல் ஆளாக எழுந்து வெளியே வந்தாள். வானைப் பார்த்தாள். முந்தைய நாள் பாதையின் சேறு கதவு உயரத்துக்கு அப்பியிருந்தது.

"இஞ்சாருங்கோ," என்று கணவனைக் கூப்பிட்டாள். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி இப்பிடியே போறது? முதல் முழுகவையுங்கோ."

சிற்றம்பலம் ஒரு கணம் தயங்கினான். மிஸஸ் டாய்லின் பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பான். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதே என்றுதான் அதில் இருந்தது. வண்டியைக் குளிப்பாட்டாதே என்று இல்லை. பனிக்காலத்தில் விடிகாலையில் மலையடிவாரத்தில் ஒருவன் தன் வண்டியைக் குளிப்பாட்டுவான் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தோன்றும்?

குளியலறையிலிருந்து வாளி வாளியாக வெந்நீர் வந்தது. நானும் ஒரு கை கொடுத்தேன். கண்ணாடியில் ஒரு சொட்டுப் படாமல் மற்ற எல்லா இடத்திலும் ஊற்றினோம். கதவு இடுக்கில் கிடந்த சேறு போக, தள்ளுகதவின் பள்ளத்தில் மட்டும் தனியாக ஒரு வாளி. வண்டியிலிருந்து ஆவி எழும்பியது. கடைசியில் பூமணி மஞ்சள் தண்ணீர் தெளித்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பாண் வான் பளபளவென்று நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

மோட்டல்காரத் தம்பதி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"சொல்லிவிடலாமா?" என்றார் கணவர்.

"வேண்டாம்," என்றார் மனைவி. "மத விஷயமாக இருக்கும். நாம் தலையிடக்கூடாது."

என்ன மரியாதையான மனிதர்கள் என்று அப்போது நினைத்தேன்.

வசந்தி கரும்பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து, அதன்மேல் அத்தானின் ஓவர்கோட்டைப் போட்டு, காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தாள். முன்னால் நானும் சிற்றம்பலமும், பின்னால் அக்காவும் தங்கையும். பூமணி மடியில் பலகாரத் தட்டு.

மேலே ஏற ஏற இரண்டு பக்கமும் வெள்ளை. மரங்கள், வேலி, தந்திக் கம்பம் எல்லாம் வெள்ளை. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஊட்டியைப் பற்றி அதுவரை சொன்னதை எல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு அழகை நான் எதிர்பார்க்கவில்லை.

சங்கிலி மாட்டச் சொல்லிப் பலகை வந்த இடத்தில் நிறுத்தினோம். என் பக்கத்துக் கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. தோளால் இடித்தேன், அப்பளம் நொறுங்கும் சத்தத்தோடு திறந்தது. குளிர் என்று விட்டுவிட்டேன். நார்த்மீட்டில் வெயிலில் படுத்துக் கற்றதெல்லாம் பனியில் விரல் மரத்தவுடன் மறந்துபோயிற்று. பூமணி பின்னாலிருந்து, சமையலறையில் சூட்டுப் பாத்திரம் தூக்கும் பஞ்சுக் கையுறை இரண்டை என் கதவு வழியாக நீட்டினாள். இருவரும் ஆளுக்கு ஒரு பூப்போட்ட கையுறையோடு ஒருவழியாக மாட்டி முடித்தோம்.

மின்நிலைய ஊழியர்களின் வீடுகள் மலைமேல் வரிசையாக இருந்தன. நாலைந்தாவது வீட்டு வாசலில் ஒருவர் கோட்டும் டையுமாக நின்றுகொண்டிருந்தார். வாசலில் இருந்து பாதைவரை பனியை வெட்டி ஒதுக்கி வழி செய்திருந்தார். இரத்தினவேல்தான். நல்ல உயரம்.

சிற்றம்பலம் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தான். திறக்கவில்லை. நான் என் கதவை இடித்தேன். இந்த முறை அப்பளச் சத்தம்கூட வரவில்லை. பூமணி தள்ளுகதவை இழுத்தாள். அது செங்கல் சுவரில் வரைந்த கதவைப் போல இருந்தது. காலையில் இடுக்கு இடுக்காக ஊற்றிய வெந்நீர் முழுவதும், ஒரு துளி வீணாகாமல், உறைந்து பிடித்திருந்தது.

"ஜன்னலை இறக்கய்யா!" என்றேன்.

சிற்றம்பலம் கைப்பிடியைத் திருகினான். ஜன்னல் இறங்கவில்லை, என் பக்கத்திலும் இறங்கவில்லை. கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

"பின்கதவு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பின்கதவை அடைத்துக்கொண்டு ஆட்டுக்கல் உட்கார்ந்திருந்தது, அரிசி மூட்டையைத் தாங்கியபடி.

"ஹார்ன் அடி. வந்து திறக்கட்டும்," என்றேன்.

"வேண்டாம் அண்ணை!" என்று பூமணி பதறினாள். "பொம்பிளை வீட்டுக்காரர் ஹோர்ன் அடிச்சு மாப்பிள்ளையைக் கூப்பிடுறதோ? என்ன நினைப்பார்?"

நாலு பேர் மூச்சும் சேர்ந்து கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரிந்திருக்காது. காற்று வேறு ஊளையிட்டது. தட்டினோம், கத்தினோம், ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை.

வசந்தி கோட்டுக் கையால் கண்ணாடியில் சின்னதாக ஒரு வட்டம் துடைத்து அதன் வழியாகப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேல் நானும் எட்டிப் பார்த்தேன். இரத்தினவேல் இரண்டடி முன்னால் வந்தார். நின்றார். வான் கதவு திறக்கும் திறக்கும் என்று பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டார். மறுபடி நின்றார். பிறகு தலை தாழ்ந்தது. மெதுவாகத் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

"போயிட்டார்!" என்றாள் பூமணி. "ஐயோ, எங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சிட்டார். இறங்காமல் இருந்தால் ஆர்தான் வேறை என்ன நினைப்பினம்!"

அறிமுகமில்லாத ஒரு மனிதரைச் சிட்னியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, வாசலில் நிற்கவைத்து, பார்த்துவிட்டு, இறங்காமல் அவமானப்படுத்திவிட்டோம். எல்லாம் ஒரு வாளி வெந்நீரால். நானும் ஒரு வாளி ஊற்றினேன் என்பது அப்போதுதான் நன்றாக நினைவுக்கு வந்தது.

சிற்றம்பலம் பூமணியின் பேச்சை மீறி ஹார்னில் கையை வைக்கப் போனான். "பொறுங்கோ அத்தான்," என்றாள் வசந்தி. "திரும்பி வாறார்."

அவர் வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் ஆவி பறக்கும் நான்கு கோப்பைகள். பனியில் வழுக்காமல் அடிமேல் அடி வைத்து, தட்டில் இருந்து கண்ணை எடுக்காமல், தலையைக் குனிந்தபடி வந்தார். பெண் பார்க்கப் போன வீடுகளில் கூடத்துக்குள் இப்படி நடந்து வரும் பெண்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஓர் ஆண் அப்படி நடந்து வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

வான் பக்கத்தில் வந்து கண்ணாடியில் இருந்த சின்ன வட்டத்துக்கு நேராகத் தட்டை நீட்டினார். இப்போது குரல் கேட்டது.

"இறங்க விருப்பமில்லை எண்டால் பரவாயில்லை," என்றார். "இந்தக் குளிருக்குள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். தேத்தண்ணியாவது குடிச்சுப்போட்டுப் போங்கோ."

சிற்றம்பலம் கண்ணாடியோடு வாயை வைத்துக் கத்தினான்.

"ஐசே! கதவு திறக்குதில்லை! வண்டியை முழுகவாத்துப் போட்டம்!"

"என்னத்தை?"

"முழுகவாத்தது! வெந்நீர்!"

இரத்தினவேல் வானைச் சுற்றி வந்தார். கதவு இடுக்கில் மினுங்கிய பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார். மேலே சந்தனம், குங்குமத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தட்டைப் பத்திரமாகப் பானட்டின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி இருந்தது என்பது உள்ளே இருந்த எங்களுக்கே தெரிந்தது.

"ஒரு கேத்தில் நிறையச் சுடுதண்ணி கொண்டு வாறன்," என்றார்.

"தண்ணி வேண்டாம்!" என்று நாலு பேரும் ஒரே குரலில் அலறினோம்.

"அக்கா, அந்த ஓடிக்கொலோன் எங்கை?" என்றாள் வசந்தி.

"இப்ப வயித்தைப் புரட்டிச் சத்தி வருதே உனக்கு?"

"இல்லையக்கா. அதுக்குள்ளை இருக்கிறது ஸ்பிரிட். பனிக்கட்டியைக் கரைக்கும். தாங்கோ கெதியா."

மருந்து படித்தவள் அவள் ஒருத்திதான் என்பது அதுவரை யாருக்கும் நினைவில்லை. மூடியைத் திறந்து, தள்ளுகதவின் ரப்பர் விளிம்பு முழுக்க மேலிருந்து கீழாக ஊற்றினாள். முழுப் போத்தல், முழுப் போத்தல் என்று பூமணி முனகிக்கொண்டே இருந்தாள். வெளியே இரத்தினவேல் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். உள்ளே சிற்றம்பலம் இருக்கைக்கு மேலாகப் பாய்ந்து வந்து தோளால் தள்ளினான். முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு வெடிப்பு. கதவு ஒரே இழுப்பில் பின்னால் ஓட, சிற்றம்பலம் பெண் வீட்டாரின் சார்பில் முதல் ஆளாக, முகம் குப்புறப் பனியில் இறங்கினான். கூடவே ஒரு போத்தல் வாசனையும் இறங்கியது.

இரத்தினவேல் அவனைத் தூக்கி நிறுத்திப் பனியைத் தட்டிவிட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தார். வசந்தி இறங்கவில்லை. வான் படியிலேயே ஓவர்கோட்டும் காஞ்சிபுரமுமாக உட்கார்ந்து ஒரு கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். அவரை மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள். எங்களுக்கு மூச்சு விடவும் பயமாக இருந்தது.

"உங்களுக்குப் பாட்டுப் பாடத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

பூமணி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

இரத்தினவேல் காது சிவந்துவிட்டது. "பள்ளிக்கூடத்திலை பாடின கடவுள் வாழ்த்து மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு," என்றார்.

"பாடுங்கோ."

அவர் பாடினார். கையில் தட்டு, தட்டில் மூன்று கோப்பை, முழங்கால்வரை பனி. குரல் எந்தச் சுருதியிலும் நிற்கவில்லை. தட்டு நடுங்கிக் கோப்பைகள் தாளம் போட்டன. பாட்டுக்கும் அந்தத் தாளத்துக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, மத விஷயம் என்று நினைத்தோ என்னவோ, மரியாதையாக மூடிக்கொண்டார். நடுவில் ஓர் அடி மறந்துபோயிற்று. விடாமல் அடுத்த அடிக்குப் போய் முடித்துவிட்டே நிறுத்தினார்.

பூமணி தங்கையின் கோட்டை மெல்லப் பிடித்து இழுத்தாள். "என்னடி சொல்லுறாய்?" என்றாள். கேட்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

வசந்தி மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தாள். காலிக் கோப்பையை அவர் தட்டில் வைத்தாள். வைக்கும்போது முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

"குரல் காணாது, அக்கா," என்றாள். "உயரம் காணும்."